படிக்கட்டும் தபால் பெட்டியும்



இப்போது கட்டடப் பொறியாளராக இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், ஓர் அடுக்குமாடி வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டான். கட்டடம் பற்றி எனக்கென்ன தெரியும்? பழைய கதை ஒன்று தெரியும். அதைச் சொன்னேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க வீரர்கள் பலர், மனைவியோடு கல்லூரிப் படிப்புக்குத் திரும்பினார்கள். அவர்களுக்காக எம்.ஐ.டி. 'வெஸ்ட்கேட்' என்ற குடியிருப்பை அமைத்தது. அதன் ஒரு பகுதியில் 17 இரண்டு மாடிக் கட்டடங்கள். மாடிக்கு ஐந்து வீடு. எது காலியோ அதுதான் வீடு, தேர்ந்தெடுக்க முடியாது. லியோன் ஃபெஸ்டிங்கர் முதலான மூன்று உளவியலாளர்கள் அங்கே போய், "இங்கே யாரோடு அதிகம் பழகுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். 1950இல் அது புத்தகமாக வந்தது.

அடுத்த வீட்டாரை நண்பராகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 41. அதே மாடியில் கடைசி வீட்டாரைச் சொன்னவர்கள் 10 பேர்தான். இத்தனைக்கும் இரண்டு கோடிகளுக்கும் இடையே நூறு அடிகூட இல்லை! அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. மாடிப்படி இறங்கும் இடத்திலும் தபால் பெட்டிகள் பக்கத்திலும் கீழ்வீட்டில் இருந்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்கள் ஒன்றும் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. தினமும் எதிர்ப்பட்டார்கள், அவ்வளவுதான்.

எல்லாரும் ஒரே வயது, ஒரே நிலைமை என்பதும் உதவியிருக்கும். பக்கத்தில் இருந்தால் பகையும் வரும் என்று 1976இல் கலிஃபோர்னியாவில் வேறு சிலர் கண்டுபிடித்தார்கள். (நம் தெருக்காரர்களைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார்கள்.)

என் அக்கா, நடைபாதைக் கோடியில் ஒரு ஃபிளாட்டில் ஆறு வருடம் தனியாக இருந்தார். லிஃப்டிலிருந்து நேரே வீடு. படிக்கட்டு இரும்புக் கதவுக்குப் பின்னால். குளியலறையில் விழுந்த அன்று, மாலையில் நான் போன் செய்து எடுக்காத பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை.

மாணவனின் வரைபடத்திலும் படிக்கட்டு பின்னால்தான் இருந்தது. "முன்னால் கொண்டுவா. தபால் பெட்டிப் பக்கம் ஒரு திண்ணை போடு" என்றேன். "ஒரு கார் நிறுத்தும் இடம் போயிடும் சார், ஓனர் ஒத்துக்க மாட்டார்" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஓனரையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.