சீனத்து மூலிகைப் பாடம்



நான் மருத்துவன் அல்லன். வாழ்நாளில் பெரும்பகுதியைப் பள்ளியில் கழித்த ஆசிரியன். ஆயினும் ஒரு கேள்வி நெடுங்காலமாக என்னைத் தொடர்ந்து வந்திருக்கிறது. மருத்துவம் முறையாகக் கல்லாத ஒருவன் மருந்துகளைப் பற்றி எவ்வளவு கற்கலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. இளம் ஆசிரியனாக மாணவர் விடுதியின் பொறுப்பில் இருந்த நாளில், ஒரு பையனுக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டன. எனக்குத் தெரிந்த நிலவேம்புக் குடிநீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். இரவே வியர்த்துக் காய்ச்சல் தணிந்தது. மறுநாள் பையன் எழுந்து நடமாடினான். என் கைராசியை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் முன்னினும் கடிய நடுக்கத்துடன் காய்ச்சல் திரும்பிற்று. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, மலேரியா என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறி இறங்குவது அந்நோயின் இயல்பு. முதல் இரவில் தணிந்தது நோயின் போக்கேயன்றி என் மருந்தின் ஆற்றல் அன்று. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் நான் வீணாக்கிய அந்த இரண்டு நாட்கள் என் நினைவைவிட்டு அகலவில்லை.

பிற்காலத்தில் சீன மருத்துவத்தின் வரலாற்றைப் படித்தபோது, இதே கேள்விக்கு ஒரு நாடு பல நூற்றாண்டுகளாக விடை தேடியிருப்பதைக் கண்டேன். அவ்வரலாற்றின் சில பக்கங்களை உங்களுடன் சேர்ந்து புரட்டிப் பார்ப்பதே இன்றைய என் நோக்கம்.

அக்காலச் சீனத்தில் சிற்றூர்களுக்கு மருத்துவர் எளிதில் கிட்டமாட்டார். கிட்டினாலும் அவர் எழுதும் மருந்தை வாங்க ஏழையிடம் பொருள் இராது. 7-ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற மருத்துவராக விளங்கிய சுன் சிமியாவ், இளமையில் தாம் நோயுற்றதால் மருந்துச் செலவிலேயே தம் குடும்பச் சொத்து கரைந்தது என்று எழுதியிருக்கிறார். அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னர், 4-ஆம் நூற்றாண்டில், கோ ஹொங் என்ற அறிஞர் இக்குறையைப் போக்க ஒரு சிறு நூல் இயற்றினார். முழங்கைக்குப் பின்னே, சட்டைக்கையில் செருகி எடுத்துச் செல்லத்தக்க அவசரகால மருந்துகள் என்பது அதன் பெயரின் கருத்து. விலையுயர்ந்த சரக்குகளை விட்டு, வேலியோரத்திலும் வயல் வரப்பிலும் கிடைக்கும் பொருள்களையே அவர் பெரிதும் நாடினார். 13-ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த ஜாங் சொங்ஜெங் தம் மருத்துவ நூலுக்கு இட்ட பெயரோ, கற்றவர் தம் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை எனப் பொருள்படும். நோயுற்ற தாய் தந்தையரைக் காக்க வேண்டுமாயின் கற்ற மகன் மருத்துவமும் சிறிது அறிந்திருத்தல் கடமை என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. அங்கே பாமரன் மருந்து கற்றதற்குத் தேவையும் அன்புமே காரணங்கள்.

அவன் கற்க வேண்டியிருந்த முதற்பாடம் பெயர். இது எளிது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர். வேறு வேறு செடிகளுக்கு ஒரே பெயர். இக்குழப்பத்தைத் தீர்க்கத் தம் வாழ்வையே செலவிட்டவர் லி ஷிச்சன். 1518-இல் ஹுபெய் மாகாணத்தில் ஒரு மருத்துவர் மகனாகப் பிறந்த இவர், அரசாங்கத் தேர்வில் மும்முறை தோற்றவர். தேர்வில் தோற்ற மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய நூல்களில் மலிந்த பிழைகளைக் கண்டு வருந்தி, 1552-இல் திருத்த நூல் ஒன்றைத் தொடங்கினார். எண்ணூறு நூல்களுக்கு மேல் ஆராய்ந்தார். ஏட்டோடு நில்லாமல் உழவரையும் செம்படவரையும் விறகுவெட்டிகளையும் கேட்டு, மலையேறிச் செடிகளை நேரில் கண்டு ஒப்பிட்டார். 1578-இல் நூல் முடிந்தது. 52 பகுதிகள், 1,892 மருந்துப் பொருள்கள், பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகள், ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். அதுவே 'பென்ட்சாவ் காங்மு' என்னும் பெருநூல். 1593-இல் அவர் மறைந்தார். நூல் 1596-இல் நான்ஜிங் நகரில் அச்சேறியது. அச்சிட்ட நூலை அவர் கண்ணாற் காணவில்லை.

இரண்டாம் பாடம் குணம். ஒவ்வொரு மூலிகைக்கும் வெப்பம், இளவெப்பம், குளிர்மை, தட்பம் என்னும் நான்கு தன்மைகளில் ஒன்றும், கார்ப்பு, இனிப்பு, புளிப்பு, கைப்பு, உவர்ப்பு என்னும் ஐந்து சுவைகளில் ஒன்றோ பலவோ வகுக்கப்பட்டன. மருந்துகளைக் கூட்டும் முறையையும் ஓர் அரசவையாகவே கண்டனர். நோயை நேரே எதிர்ப்பது அரசன். அதற்குத் துணை நிற்பது அமைச்சன். பின்னர் உதவியாளனும் தூதனும். இவை இன்றைய வேதியியல் முடிவுகள் அல்ல. அக்காலத்தவர் தம் அனுபவத்தை நினைவில் ஒழுங்குபடுத்திக்கொண்ட முறை என்று கொள்ளல் தகும்.

இவ்வளவையும் பாமரன் எவ்வாறு மனத்தில் இருத்தினான்? பாட்டாக! நம் நாட்டுச் சித்த மருத்துவ நூல்களும் செய்யுளாக இருப்பதை நீங்கள் அறிவீர்கள். சீனத்தில் இவ்வழியில் பெயர் பெற்றவர் வாங் ஆங். 1615-இல் அன்ஹுய் மாகாணத்தில் பிறந்த அவர் தொழில்முறை மருத்துவர் அல்லர். 1644-இல் மிங் அரசு வீழ்ந்தபின் தேர்வும் பதவியும் வேண்டாமென ஒதுங்கி மருத்துவ நூல்களைத் தொகுத்த புலவர். 1694-இல் அவர் வெளியிட்ட கஷாயப் பாடல்கள், முந்நூறுக்கு மேற்பட்ட மருந்துக் கூட்டுகளை இருபது வகையாகப் பிரித்து, அடிக்கு ஏழு எழுத்து வீதம் பாடுகின்றன. 'நான்கு சான்றோர்' என்று ஒரு கஷாயம் உண்டு. ஜின்செங் வேர், அதிமதுரம், மற்றும் இரு சரக்குகள். நான்கும் சாதுவானவை, ஆதலால் அப்பெயர். இப்பெயரை ஒருமுறை கேட்ட சிறுவன் மறப்பானா? 1804-இல் சென் சியூயுவான் என்ற மருத்துவர், சீனக் குழந்தைகள் அரிச்சுவடியாகப் பயின்ற மூவெழுத்துப் பாடத்தின் நடையிலேயே மருத்துவ மூவெழுத்து நூல் ஒன்றைச் செய்தார். ஆசிரியன் என்ற முறையில் அவரை நான் வணங்குகிறேன்.

ஆனால் ஆசிரியன் என்ற முறையிலேயே ஒன்றையும் சொல்ல வேண்டும். மனப்பாடம் அறிவின் வாயில், அதுவே அறிவாகிவிடாது. இதனை அச்சீனர்களே உணர்ந்திருந்தனர். ஆகவேதான் மூன்றாம் பாடமாகத் தடைகளையும் பாட்டில் வைத்தனர். ஒன்றோடொன்று சேரக்கூடாத பதினெட்டுப் பொருள்களின் பாடல், நான் முன்னே சொன்ன ஜாங் சொங்ஜெங்கின் நூலிலேயே இருக்கிறது. நம்மவர் நாபி என்று அழைக்கும் நச்சுக் கிழங்கின் இனத்தை அவர்களும் மருந்தாக்கினர். நெடுநேரம் கொதித்தாலன்றி அதன் நஞ்சு குறையாது. நேரம் குறைந்தால் அது மருந்தன்று. உயிரைக் கொல்லும் நஞ்சு.

முதற்பாடமாகிய பெயரில் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலமே சான்று. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிவதற்கெனச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளைப் பெண்கள் பலர் உட்கொண்டனர். அதில் சேர வேண்டியது ஃபாங்ஜி என்னும் ஒரு வேர். அப்பெயரையே தன் பெயரின் பிற்பகுதியாகக் கொண்ட வேறொரு செடியின் வேர் அதன் இடத்தில் புகுந்துவிட்டது. அது நம் ஊர் ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. சிலருக்குப் பின்னர்ப் புற்றுநோயும் கண்டது. லி ஷிச்சன் இருபத்தாறு ஆண்டுகள் ஏன் மலைகளில் அலைந்தார் என்பது இப்பொழுது விளங்குகிறதன்றோ?

இனி, கோ ஹொங்கின் சட்டைக்கை நூலுக்குத் திரும்புவோம். முறைக்காய்ச்சலுக்கு அதில் கூறிய பல மருந்துகளுள் ஒன்று சிங்ஹாவ் என்னும் செடி. அது நம் மாசிப்பத்திரியின் இனம். ஒரு கைப்பிடியை இரண்டு ஷெங் நீரில், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நீரில், ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்க வேண்டும் என்றார் அவர். 1967 மே 23-இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து காணும் முயற்சி ஒன்றைத் தொடங்கிற்று. 1969-இல் அதில் சேர்ந்த தூ யூயூ என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் பழைய மருந்து முறைகளை ஆயிரக்கணக்கில் திரட்டினர். சிங்ஹாவ் செடியின் சத்து ஒருசமயம் பலித்தது, மறுசமயம் பொய்த்தது. அந்நிலையில் கோ ஹொங்கின் வரியை அம்மையார் மீண்டும் படித்தார். அதில் கொதிக்க வைக்கும்படி சொல்லவில்லையே! வெப்பமே சத்தைக் கெடுக்கிறது என ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் ஈதரைக்கொண்டு வடித்தார். 1971 அக்டோபரில் அச்சாறு எலிகளின் மலேரியாவை முற்றிலும் ஒழித்தது. மனிதருக்குக் கொடுக்குமுன் 1972-இல் அவரும் குழுவினரும் தாமே உட்கொண்டு பார்த்தனர். ஆர்ட்டிமிசினின் என்ற அம்மருந்துக்காக 2015-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதைக் கேட்டு, அச்செடியைப் பிழிந்து குடித்தால் போதும் என்று எவரும் எண்ணலாகாது. இலையில் சத்தின் அளவு செடிக்குச் செடி மாறும். குறைந்த அளவு நோயைக் கொல்லாமல் பழக்கப்படுத்திவிடும். ஆகவே உலக சுகாதார நிறுவனம் இலைச்சாற்றையோ இலைத் தேநீரையோ மலேரியாவுக்குப் பரிந்துரைக்கவில்லை. பாமரர்க்கென எழுதிய நூல் ஒரு குறிப்பைப் பதினாறு நூற்றாண்டுகள் பத்திரமாகக் காத்தது. அதனை நம்பத்தக்க மருந்தாக்கியதோ சோதனைச்சாலை. இரண்டில் ஒன்று இல்லையேல் மற்றது பயன்பட்டிராது.

1968 முதல் சீனச் சிற்றூர்களில் 'வெறுங்கால் மருத்துவர்' எனப்பட்ட தொண்டர் பணியாற்றினர். சில மாதப் பயிற்சி பெற்ற உழவர்களே அவர்கள். பத்து இலட்சத்துக்கு மேல் பெருகினர். மூலிகையும் தெரியும், தடுப்பூசி போடவும் தெரியும். தம்மால் இயலாத நோயாளியை மேல் மருத்துவமனைக்கு அனுப்பவும் தெரியும். 1985-இல் அப்பெயர் கைவிடப்பட்டது.

அக்கடைசித் திறமையைத்தான் விடுதியில் அன்று நான் பெற்றிருக்கவில்லை. நிலவேம்பின் பெயர் அறிந்திருந்தேன், குணமும் அறிந்திருந்தேன். காய்ச்சலின் பெயரைக் கேட்க மறந்தேன். மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டுத் தோட்டத்துச் செடிகளைப் பெயரோடும் குணத்தோடும் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டியிடம் கேளுங்கள், நூலில் ஒப்பிடுங்கள். காய்ச்சல் என்று ஒருவன் வந்து நின்றால், அடுப்பில் பாத்திரத்தை ஏற்றுமுன் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.