விலங்கிட்ட முஅல்லிம்: உமர் முக்தாரின் ஒரு மணிநேர வழக்கு



ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் நடுப்பகுதியில் அந்தப் படம் நமது கைபேசிகளுக்கு வந்துவிடுகிறது. வெள்ளைத் தாடி, வெள்ளை ஆடை, கைகளில் விலங்கு, சுற்றிவர இத்தாலியச் சீருடைக்காரர்கள். சிலர் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். சிலர் முகப்புப் படமாக மாற்றுகிறோம். பிள்ளைகள் பின்னணியில் ஒரு நஷீதைச் சேர்த்து முப்பது செக்கனில் ரீல் ஆக்கிவிடுகிறார்கள்.

பகிர்வதில் தவறில்லை. ஆனால் அந்த மனிதரை நிறுத்திய நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. முப்பது செக்கனுக்குள் அடங்காத கதை அது. பதிவு சற்று நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

உமர் முக்தார் ஒரு முஅல்லிம். கிழக்கு லிபியாவில் பிறந்து, ஜக்பூபில் ஸனூஸிகளின் கல்விக்கூடத்தில் ஓதி, பிறகு ஸாவியாவொன்றில் சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். 1911இல் இத்தாலி லிபியாவுக்குள் படையிறக்கியது. மறு வருடம் உஸ்மானியர்கள் இத்தாலியோடு உடன்படிக்கை செய்து விலகிக்கொண்டார்கள். மண்ணின் மக்கள் தனித்துவிடப்பட்டார்கள். இடையில் சில வருடங்கள் பேச்சுவார்த்தையும் ஒப்பந்தங்களும் நடந்தன. முசோலினி ஆட்சிக்கு வந்த பின் 1923இல் அவையும் கைவிடப்பட்டன. அன்று முதல் ஜபல் அக்தர் மலைப்பகுதியில் நடந்த போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் அறுபதைக் கடந்த இந்த ஓதிக்கொடுக்கும் மனிதர்தான்.

அவரைப் போரில் மடக்க முடியாதபோது, அவருக்கு உணவும் குதிரையும் தகவலும் கொடுத்த மக்களைப் பிரிப்பதென்று இத்தாலியர் முடிவெடுத்தார்கள். 1930இல் தளபதி கிராசியானியின் பொறுப்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கால்நடைகளோடு பாலைவனத் தடுப்பு முகாம்களுக்கு விரட்டப்பட்டார்கள். அங்கே பசியாலும் நோயாலும் மடிந்தவர்கள் பல்லாயிரம். எகிப்திலிருந்து உதவி வராதபடி எல்லை நெடுக சுமார் 270 கிலோமீற்றருக்கு முட்கம்பி வேலியும் போடப்பட்டது. ரீல்களில் இந்த முகாம்கள் வருவதேயில்லை. ஆனால் அவை தெரியாமல் வழக்கின் முடிவு விளங்காது.

1931 செப்டெம்பர் 11ஆம் திகதி ஸ்லொந்தாவுக்கு அண்மையில் நடந்த மோதலில் அவர் பிடிபட்டார். பெங்காஸிக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார். 15ஆம் திகதி மாலை விசாரணை. அரசைப் பாதுகாப்பதற்கென்று பாசிச அரசு அமைத்திருந்த விசேட நீதிமன்றம் அது. நீதிபதிகள் இருந்தார்கள், வழக்குத்தொடுநர் இருந்தார், மொழிபெயர்ப்பாளர் இருந்தார், எதிரித் தரப்புக்கு ஒரு சட்டத்தரணியும் இருந்தார். ஒரு நீதிமன்றத்துக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: தீர்ப்பு வேறாக வரக்கூடிய சாத்தியம். விசாரணைக்கு முதல் நாளே லிபியாவின் ஆளுநர் பதோலியோ தந்தி அனுப்பிவிட்டார். முறையான வழக்கு நடக்கட்டும், தண்டனை சந்தேகமின்றி மரணமாகவே இருக்கும், அதைப் பெரிய முகாமொன்றில் நிறைவேற்றுங்கள் என்பதே அந்த உத்தரவின் சாரம்.

விசாரணை ஏறத்தாழ ஒரு மணிநேரம். நமது பாடசாலையில் ஒன்றரைப் பாடவேளை. இருபது வருடப் போராட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அவ்வளவுதான்.

கேள்விகளுக்கு முதியவர் சுருக்கமாகவே பதில் சொன்னார். போரிட்டதை மறுக்கவில்லை. தலைமை தாங்கியதையும் மறுக்கவில்லை. பழியை வேறொருவர் தலையில் போட்டுத் தப்பிக்கவும் பார்க்கவில்லை.

வழக்கின் மையக் கேள்வி இதுதான்: அவர் யார்? தனது அரசுக்கு எதிராகக் கிளர்ந்த குடிமகனா, அல்லது அந்நியப் படையோடு போரிட்டுப் பிடிபட்ட எதிரியா? முதலாவது என்றால் தேசத்துரோகக் குற்றம், அதற்குத் தூக்கு. இரண்டாவது என்றால் அவர் போர்க்கைதி, கொல்ல முடியாது. இத்தாலி 1911இலேயே லிபியா தனது மண் என்று பிரகடனம் செய்திருந்தது. அதனால் வழக்குத்தொடுநரின் கணக்கில் அவர் கிளர்ச்சிக்காரர். ஆனால் துரோகம் செய்வதென்றால் முதலில் விசுவாசம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? வீட்டுக்குள் புகுந்தவன் தன்னை வீட்டுக்காரன் என்று எழுதிக்கொண்டு, வீட்டுக்காரனைத் திருடன் என்று கூண்டில் ஏற்றிய கதைதான் பெங்காஸியில் நடந்தது.

இனி நாம் நிதானிக்க வேண்டிய இடம்.

அவருக்காக வாதாட நியமிக்கப்பட்டவர் ரொபேர்தோ லொந்தானோ என்ற இத்தாலிய இராணுவக் கப்டன். ஒப்புக்கு எழுந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதைத்தான் மேலிடம் எதிர்பார்த்தது. அவரோ முதியவரின் வயதையும் நிலையையும் எடுத்துச் சொல்லி, மரணம் வேண்டாம், சிறைத் தண்டனை போதும் என்று வாதாடினார். அந்த வாதத்தில் கைதியின்பால் மரியாதை தெரிந்ததற்காக அவருக்கே பத்து நாள் தடுப்புத் தண்டனை கிடைத்தது.

செப்டெம்பர் 11ஆம் திகதி உமர் முக்தாரைப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? இத்தாலியர் திரட்டி வைத்திருந்த லிபியக் குதிரைப்படையினர். அவரது மொழி பேசியவர்கள், அவரது கிப்லாவை நோக்கியே தொழுதவர்கள்.

பிடித்துக்கொடுத்தவர்கள் நம்மவர்கள். அவருக்காகப் பேசித் தண்டனை பெற்றவர் அந்நியர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ரீல் ஒன்றையேனும் நாம் பார்த்ததில்லை. நல்லவரெல்லாம் ஒரு பக்கம், கெட்டவரெல்லாம் மறு பக்கம் என்று சொன்னால்தானே லைக் விழும்! சரித்திரம் அப்படி நடப்பதில்லை. பல இனத்தவர் கலந்து வாழும் ஊர்களில் பிள்ளை வளர்க்கும் நமக்கு, உமர் முக்தாரின் வீரத்தோடு லொந்தானோவின் நேர்மையும் பாடமாக வேண்டும்.

மறுநாள் 16ஆம் திகதி காலை, சொலூக் முகாமில் ஏறத்தாழ 20,000 பேரைக் கட்டாயமாகக் கூட்டி நிறுத்தி, அவர்கள் கண்முன்னே தூக்கிலிட்டார்கள். முகாம்களைப் பற்றி முன்பே சொன்னது இதற்காகத்தான். ஒருவரைக் கொல்வதோடு, பார்ப்பவர் மனத்தில் எதிர்ப்பையும் கொல்வதே நோக்கம்.

இப்போது அந்தப் படத்துக்கு வருவோம். விலங்கோடு அவரைப் படமெடுத்தவர்கள் நமது ஆட்கள் அல்லர், பிடித்தவர்களேதான். முக்தார் முடிந்தார் என்று உலகுக்குக் காட்ட எடுத்த படங்கள் அவை. அன்றைய வைரல் என்று சொல்லுங்களேன். அவமானப்படுத்த எடுத்த படம் இன்று கண்ணியத்தின் அடையாளமாக நிற்கிறது. 2009இல் கடாபி ரோம் நகருக்குப் போனபோது அதே படத்தை நெஞ்சில் குத்திக்கொண்டுதான் விமானத்திலிருந்து இறங்கினார். படம் எடுத்தவனின் நோக்கம் படத்தோடு நிலைக்கவில்லை. அதே வேளை கடாபிக்கும் அந்தப் படத்தில் ஓர் அரசியல் இருந்தது. ஒரு படம் கைக்கு வரும்போது யார் எடுத்தது, யார் அனுப்புகிறார், எதற்காக என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம்.

அடுத்தது அவரது பெயரில் சுற்றும் பொன்மொழிகள். அவற்றில் பல 1981இல் முஸ்தபா அக்காத் இயக்கிய 'பாலைவனச் சிங்கம்' படத்தின் வசனங்கள். அன்ரனி குவின் பேசியதை உமர் முக்தார் பேசியதாக எழுதிப் பகிர்கிறோம். எதிரிகள் நமக்கு ஆசான்கள் அல்லர் என்ற கருத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற வசனமும் அந்தப் படத்தில் வருவதுதான். தூக்கு மேடையில் விழுந்த மூக்குக் கண்ணாடியைச் சிறுவன் எடுக்கும் காட்சியும் இயக்குநரின் கற்பனை. நல்ல படம், குடும்பத்தோடு பார்க்கலாம். இத்தாலியில் அதைத் திரையிட விடாமல் நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தார்கள் என்பதே அது எங்கே குத்தியது என்று காட்டும். ஆனால் சினிமா வேறு, நீதிமன்றப் பதிவு வேறு.

உண்மையான பதிவே போதுமானது. அவரது உறுதிக்கு நமது இட்டுக்கட்டல் தேவையில்லை. அவரைத் தூக்குக்கு அனுப்பிய கிராசியானியே, அவரை நேரில் சந்தித்ததைத் தனது நூலில் எழுதி வைத்திருக்கிறார். அந்த எதிரியின் எழுத்தில்கூட முதியவரின் நிதானம் மறையவில்லை. இதைவிடப் பெரிய சாட்சி எது?

“நல்ல விடயம்தானே, பொய்யாக இருந்தால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். உறவுகளே, பொய்ப் பகிர்வு என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் கிடந்த மாவுக்கட்டி கருத்தடை மாத்திரையாகிப் பரவியது. பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அப்படி எந்த மாத்திரையும் இல்லை என்று இரசாயனப் பகுப்பாய்வு பிறகுதான் வந்தது. அதற்குள் திகன எரிந்துவிட்டது. வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் அரசாங்கமே சில நாட்கள் முடக்க வேண்டி வந்தது. விசாரிக்காமல் அனுப்பியவர்களால் அடிபட்ட சமூகம் நாம். நாமே விசாரிக்காமல் அனுப்பலாமா? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா ஹுஜுராத் நமக்குக் கற்றுத்தருவது பிறர் நம்மைப் பற்றிச் சொல்வதற்கு மட்டுமல்ல, நாம் சொல்வதற்கும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த செப்டெம்பரில் அந்தப் படத்தைப் பகிருங்கள். அதன் கீழே சினிமா வசனத்துக்குப் பதிலாக மூன்று வரி எழுதுங்கள்: அவர் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். அவரது வழக்கு ஒரு மணிநேரத்தில் முடிந்தது, தீர்ப்போ அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. எதிரியின் படையிலும் ஒருவர் அவருக்காகப் பேசினார்.

வீட்டில் பிள்ளைகள் “உண்மையா?” என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். அந்தக் கேள்வியைத்தான் நாம் வகுப்பில் வருடம் முழுக்கக் கற்பிக்கப் பார்க்கிறோம்.

அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.