கட்டையும் கமகமும்

தமிழிசையின் உயிர்நாடி கமகம். ஒரு சுரம் தன் நிலையிலேயே நின்றுவிடாமல் அசைந்தும் குழைந்தும் அடுத்த சுரத்தைத் தழுவிச் செல்லும் இயல்பே கமகம் எனப்படும். யாழ் நரம்பின்மேல் விரல்கள் ஆற்றும் தொழிலை எட்டு இசைக்கரணங்களாக வகுத்துரைக்கிறது சிலப்பதிகாரத்துக் கானல்வரி. நரம்பு வளையும், கட்டை வளையாது. இவ்வேறுபாட்டிலிருந்து பிறந்த வழக்கு ஒரு நூற்றாண்டைக் கடந்தும் தீரவில்லை. இன்று ஜொகூர் பாருவில் ஓர் இளைஞர் தம் வீட்டறையில் கணினி வழி இசையமைக்க எண்ணி, மிடி விசைப்பலகை ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படும்போதும் அவ்வழக்கே அவர்முன் வந்து நிற்கிறது.

ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் உருவானது. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதனைத் தரையில் அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை இயக்கி, மறு கையால் வாசிக்கும் வடிவுக்கு மாற்றினார். அதன்பின் நாடக மேடையும் பசனைக் கூடமும் அதனை விரும்பி ஏற்றன. கடல் கடந்தும் அது பரவியது. ஜொகூர் மலாய் மக்கள் போற்றும் கசல் இசையில், தப்லா, வயலின், கம்புஸ் ஆகியவற்றுடன் ஆர்மோனியம் முதன்மைக் கருவியாகவே விளங்குகிறது.

எனினும் எதிர்ப்பும் எழுந்தது. பாரதியார் அக்கருவியைக் கடுமையாகச் சாடினார். அகில இந்திய வானொலி 1940இல் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. கட்டைகள் ஒலிக்கும் நிலைத்த சுரங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய ஒலிகள் இழக்கப்படுகின்றன என்பதே எதிர்த்தோர் கூறிய முதன்மைக் காரணம்.

1983இல் மிடி என்னும் பொதுமுறை வெளிவந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குத்தாரோ காக்கேஹாஷியும் அதற்கு வித்திட்டோரில் முதன்மையானவர்கள். மிடி ஒலியன்று, கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் மொழி. எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன், எப்போது அழுத்தப்பட்டது என்னும் செய்தியையே மிடி விசைப்பலகை அனுப்புகிறது. ஒலியை எழுப்புவது கணினி. அம்மொழியில் சுரத்தை வளைப்பதற்கும் இடமுண்டு. அவ்வளைவு 16,384 படிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஆர்மோனியத்திற்கு இல்லாத வாய்ப்பு இது.

தமிழ்த் திரையிசை இவ்வாய்ப்பை விரைந்து பற்றியது. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி வழி இசையைக் கையாண்டார். 1989இல் ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தது. பின்னாளில் அவர், கட்டைகளே இல்லாமல் விரல் வழுக்கி வாசிக்கத்தக்க ‘கண்டினியம்’ என்னும் கருவியையும் கையாண்டார். கட்டையின் எல்லையைக் கடக்கும் வேட்கையே இதில் புலனாகிறது. வழக்கமான முறையில், ஒரே தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் யாவும் ஒருசேர வளையும். 2018இல் ஏற்கப்பட்ட விரிவுமுறையோ ஒவ்வொரு சுரமும் தனித்தனியே வளைய வழிவகுத்தது.

ஆகவே, தேர்ந்தெடுப்போர் முதலில் நோக்கவேண்டியது கட்டைகளின் எண்ணிக்கையன்று. சிறிய அறையில் மெட்டமைக்க 25 கட்டைகளே போதும். இருகையாலும் வாசிப்போர்க்கு 49 அல்லது 61 வேண்டும். பியானோ பயில்வோர்க்கே 88 தேவை. முதற்கண் காணவேண்டியது இடப்புறத்துச் சக்கரம். அது நெகிழ்ந்து சுழல்கிறதா, விரலுக்கு அடங்குகிறதா என்று சோதித்தறிதல் வேண்டும். பொதுவாக அது இரண்டு அரைச்சுரங்கள் வரையே வளைக்கும். நீண்ட கமகத்திற்கு அவ்வெல்லையைக் கணினியில் விரித்துக்கொள்ளலாம்.

வீணைக் கலைஞர் வலக்கையால் மீட்டி, இடக்கையால் நரம்பை இழுத்துக் கமகம் பிறப்பிக்கிறார். வலக்கையால் கட்டையை அழுத்தி இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றுவோர் செய்வதும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் கருவி வாய்ப்பைத்தான் தரும், கமகத்தைத் தராது. அதனைப் பாடகரின் குரலிலிருந்தும் நாகசுர ஒலியிலிருந்தும் செவிதான் கற்கவேண்டும். செவி கற்ற பின்னரே சக்கரம் பேசும்.