மலாக்கா மண்ணின் பேய்க்கதைகள்: ஒரு வரலாற்றுப் பார்வை



அக்டோபர் மாதம் முடியும் தறுவாயில் பேரங்காடிகளில் கண்ணும் வாயும் குடையப்பட்ட செம்மஞ்சள் பூசணிக்காய்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. ஓவியப் பாடத்தில் மாணவர்கள் அவற்றையே வரைகிறார்கள். "நம் பிள்ளைகளுக்கு இந்தப் பேய்த் திருவிழா எதற்கு?" என்று பெற்றோர் சிலர் என்னிடம் வருத்தத்துடன் கேட்டதுண்டு. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும், பேய்க்கதை என்றால் புத்தகத்தைக் கீழே வைக்காத கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஆகவே பிள்ளைகளைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. என் வருத்தம் வேறு. அயர்லாந்துப் பேயை அறிந்த நம் பிள்ளைகள், தாங்கள் நிற்கும் மண்ணின் பேயை அறியவில்லை. அந்தப் பேய்களுக்குள் நம் முன்னோர் எதனால் மாண்டார்கள் என்ற செய்தி புதைந்து கிடக்கிறது.

முதலில் அந்தப் பூசணிக்காயைப் பார்ப்போம். ஹாலோவீன் என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய நாடுகளில் வாழ்ந்த கெல்டிய மக்களின் அறுவடை முடிவுக் காலத்தில் வேர்கொண்டது. அந்நாளின் பழம்பெயர் எழுத்தில் ஒருவாறாக இருப்பினும் ஒலிப்பில் ஏறத்தாழ 'சௌவின்' என்று வரும். நம் 'சாவு' என்னும் சொல்லோடு அது ஒத்து ஒலிப்பது தற்செயலே. சொல்லாராய்ச்சி நண்பர்கள் அவசரப்பட வேண்டாம். 1845ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் அயர்லாந்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. இலட்சக்கணக்கானோர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். ஊரில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், போன இடத்தில் எளிதாகக் கிடைத்த பூசணியைக் குடைந்தார்கள். இன்று நாம் காண்பது, பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு போன பேய்.

இதைப் படிக்கும்போது நமக்கு வேறொரு பஞ்சம் நினைவுக்கு வர வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் அது. அந்தப் பஞ்சக் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் கப்பலேறிய தமிழர்கள், முனியாண்டியையும் மதுரைவீரனையும் காளியம்மனையும் உடன் கொண்டுவந்தார்கள். கூடவே பேய்களும் வந்தன. ஆனால், மலாக்காவில் அவர்கள் இறங்கியபோது இந்த மண் ஏற்கெனவே பேய்களால் நிறைந்திருந்தது. அவற்றைப் பற்றி ஏட்டில் எழுதி வைத்தவர்களுள் முதன்மையானவர் ஒருவர், தமிழ் கற்றவர்.

அவர்தாம் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய பூட்டனார் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கி அங்கே மணம் புரிந்தவர். அக்கால மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் இந்திய வணிகரோடு பேசுவதற்கும் அது தேவைப்பட்டது என்றும், தாமும் இரண்டரை ஆண்டுகள் கற்றதாகவும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். (தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் நான் தவறாமல் சொல்லும் செய்தி இது.) 'ஹிகாயாத் அப்துல்லா' என்னும் அந்நூல் 1849இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று.

அப்துல்லா சிறுவனாக இருந்தபோது, 1807இல், ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை இடிக்கத் தொடங்கினர். போர்த்துக்கீசியர் கட்டி, 1641இல் டச்சுக்காரர் கைப்பற்றிய கோட்டை அது. மூன்று நூற்றாண்டுகள் நின்ற சுவரில் கைவைக்க மக்கள் அஞ்சினர். அதற்குள் பேய்கள் குடியிருப்பதாக நம்பினர். இடிக்கச் சென்ற கூலியாட்களுள் பலர் நோயுற்றனர், சிலர் மாண்டனர். அச்சம் மிக மிகக் கூலியும் ஏறியது. இறுதியில் வெடிமருந்து வைத்துத்தான் தகர்க்க முடிந்தது. இன்று சுற்றுப்பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சந்தியாகோ வாயில் மட்டுமே எஞ்சியது. சுற்றுலாக் கையேடுகள் வாயிலைப் பற்றிச் சொல்கின்றன; இடித்தபோது மாண்ட கூலிகளைப் பற்றிச் சொல்வதில்லை. அவர்கள் நம் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பேய் வதந்தியின் வழியாகத்தான்.

பின்னர் அப்துல்லா கிறித்துவச் சமயப் பரப்புநர்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களுள் வில்லியம் மில்னும் ஒருவர். அவர் கேட்டதற்கிணங்க, மக்கள் அஞ்சிய ஆவிகளை வரிசைப்படுத்தி விளக்கியதாக அப்துல்லா எழுதுகிறார். அவருக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. அறியாமையால் வந்தவை என்றே கருதினார். ஆனாலும் விரிவாகப் பதிவு செய்தார். நம்பாதவர் இத்தனை அக்கறையோடு எழுதியது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

அப்பட்டியலில் இரு பேய்களைக் கவனியுங்கள். ஒன்று பொந்தியானாக். பிள்ளைப்பேற்றோடு தொடர்புடைய சாவில் பிறக்கும் பெண்பேய். பேற்றின்போது இறந்த தாயே அப்படி ஆவாள் என்பது பரவலான நம்பிக்கை. மற்றொன்று பெனாங்காலான். உடலை விட்டுத் தலை மட்டும் குடல் தொங்கப் பறந்து வந்து, பிரசவ வீட்டின் குருதியைத் தேடும். குடல் சிக்கிக்கொள்ளும் என்பதற்காக வீட்டைச் சுற்றி முட்செடி கட்டுவார்கள். இவ்விரண்டும் சுற்றிச் சுற்றி வருவது பிரசவ அறையைத்தான்! தாயும் சேயும் மாள்வது அன்றாடச் செய்தியாக இருந்த காலத்தில், அச்சம் வேறெங்கே போய்க் குடிகொள்ளும்?

நம் மரபிலும் இதே துயரம் உண்டு; அதன் வடிவம் வேறு. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் இருந்தது. வழிப்போக்கர் தம் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால், அவள் சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை. பேய் பிடித்ததாகக் கருதப்பட்ட பெண்ணின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்து வைக்கும் பழக்கமும் அங்கே உண்டு. பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அழகிய பெண்ணாகிவிடுவாள் என்று மலாய்க் கதை சொல்கிறது. கடலுக்கு இருபுறமும் அதே ஆணி. எனக்கு இந்த ஒற்றுமை எப்போதும் மனத்தை உறுத்தும். இரண்டு இடத்திலும் ஆணி இறங்குவது பெண்ணின் மீதுதான்.

இந்த ஆணிக்கதையைத் திரையில் ஏற்றியவரும் கடல் கடந்து வந்தவரே. கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக 'பொந்தியானாக்' படத்தை இயக்கிய பி. என். ராவ் இந்தியாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். நாயகி மரியா மெனாடோ. 1957 ஏப்ரலில், நாடு விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், அது வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அக்காலத்து மலாய்த் திரையுலகில் இந்திய இயக்குநர்களின் பங்கு மிகப் பெரியது. பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன். பொந்தியானாக் வரிசையில் முதலிரண்டு படங்கள் இன்று கிடைப்பதில்லை. 1958இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' எஞ்சியுள்ளது. பேய்ப்பட அன்பர்கள் தேடிப் பார்க்கலாம். இன்றைய கணினி வித்தைகள் இல்லாமலேயே அது தன் வேலையைச் செய்துவிடும்.

இனித் தோட்டப்புறத்திற்கு வருவோம். 1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் அசஹானில் பெரும் பரப்பில் விரிவாக்கினார். மலாயாவில் வாணிக நோக்கில் இரப்பர் வேரூன்றியது இவ்வாறுதான். வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்டப் போக வேண்டும். நெற்றி விளக்கின் சிறு வெளிச்சத்தில், ஒரே மாதிரியான ஆயிரம் மரங்களுக்கிடையே தனியாக நடப்பவருக்குப் பேய் தெரியாமல் இருந்தால்தான் வியப்பு.

தோட்டத்து முதியவர்கள் சொல்லும் கதைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வரும். காட்டை அழித்தால் முனிக்குக் கோபம் வரும், வெட்டியவர்களை அடித்துவிடும், அடிபட்டவர் நடுங்குவார், பிதற்றுவார், வலிப்பு வந்து சாவார். மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் மருத்துவ வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897இல் இந்தியாவில் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளான் பகுதியில் மலேரியா ஒழிப்புப் பணி செய்த மருத்துவர் மால்கம் வாட்சன், பின்னர்க் குன்றுப் பகுதித் தோட்டங்களில் ஒரு புதிரைக் கண்டார். அங்கே காட்டை வெட்டித் துப்புரவு செய்த பிறகுதான் காய்ச்சல் பெருகியது! காரணம், அங்கிருந்த அனோபிலிஸ் கொசுவகை நிழலில் வளர்வதில்லை. வெயில் படும் தெளிந்த ஓடையிலேயே முட்டையிடும். மரம் விழுந்தது, ஓடையில் வெயில் பட்டது, கொசு பெருகியது. மூளையைத் தாக்கும் மலேரியாவில் பிதற்றலும் வலிப்பும் வரும்.

ஆக, காட்டை வெட்டினால் சாவு வரும் என்று தோட்டத்து மக்கள் கண்டது உண்மை. காரணத்தை மட்டும் முனியின் மேல் ஏற்றினார்கள். காட்டை வெட்டச் சொன்ன துரை அந்தக் கதையில் வருவதேயில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கங்காணி காதில் விழுந்தாலும் குற்றமில்லாத பேச்சு, முனியைப் பற்றிய பேச்சு.

1942 சனவரியில் சப்பானியர் மலாக்காவைப் பிடித்த பின் வேறுவகைக் கதைகள் பிறந்தன. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. உடல் இல்லை, ஈமக்கடன் இல்லை, இறந்த நாள்கூடத் தெரியாது. இரவில் லயத்து வாசலில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓசை, மூன்று முறை கூப்பிடாமல் கதவைத் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, இவையெல்லாம் பழைய தமிழ்நாட்டு நம்பிக்கைகளே. ஆனால் எங்கள் பாட்டி இதைச் சொல்லும்போது, கூப்பிடுவது சயாமுக்குப் போனவர் என்றே சொல்வார். மூன்றாம் முறை கூப்பிட்டால் திறக்கலாம், அது உயிரோடு வந்தவராக இருக்கலாம் என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டு ஐந்து மாணவர்களுக்கு வாய்மொழிப் பயிற்சி ஒன்று தந்தேன். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் ஒரு பேய்க்கதை கேட்டு வர வேண்டும். கதையோடு இடத்தையும் எழுதி வர வேண்டும். பூசணிக்காய் வரைந்த அதே பிள்ளைகள்தாம். மறுவாரம் கதைகள் குவிந்தன. இடங்களைக் கரும்பலகையில் எழுதினோம்: பால் நிறுக்கும் கொட்டகை, லயத்துக் கிணறு, தோட்டத்து இடுகாடு, ஆயக்கொட்டகை, பழைய கள்ளுக்கடை. ஆயக்கொட்டகை என்றால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். தாய்மார்கள் இருட்டில் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் என்று விளக்கினேன். அங்கே பேய் எதற்கு வந்தது என்று அடுத்துக் கேட்டாள். அவள் கொண்டுவந்த கதையிலேயே விடை இருந்தது: அம்மை கண்ட ஆண்டில் அங்கே தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுள் மூன்று இறந்துவிட்டன, அதன் பிறகு இரவில் காலித் தொட்டில் ஆடியதாம்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அம்மை என்றால் என்ன என்று இன்னொருவன் கேட்டான். அன்றைய மொழிப்பாடம் அப்படியே நலக்கல்விப் பாடமாக மாறிவிட்டது.