தொற்றா, குரலின்மையா? நகராட்சிச் சட்டங்களில் ஒரு தகுதியிழப்பு வரியின் வரலாறு

ஒரிசா நகராட்சி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2008 செப்டம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகளின் உள்ளாட்சி உரிமை பற்றி எழுதுவோர் அத்தீர்ப்பை ஒரு வரியில் கண்டித்துவிட்டு மேலே நகர்ந்துவிடுவது வழக்கம். கண்டனம் நியாயமானதே. ஆனால் முடிவை மறுப்பவர்களும் சட்டத்தை அந்த நீதிமன்றம் வாசித்த விதத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். இக்கட்டுரை அந்த வாசிப்பை எடுத்துக்கொள்கிறது.

வழக்கு எளிமையானது. 1950ஆம் ஆண்டின் ஒரிசா நகராட்சிச் சட்டத்தின் 16, 17ஆம் பிரிவுகள் தொழுநோயாளியும் காசநோயாளியும் நகராட்சி உறுப்பினராக இருக்கக் கூடாது என்றன. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் தொழுநோயின் பேரில் பதவி இழந்தார். இப்பிரிவுகள் அரசமைப்பின் சமத்துவ விதிக்கு முரணானவையா என்பதே கேள்வி. முரணில்லை என்றது நீதிமன்றம். நோய் ஒருவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவும் ஆபத்தை நீக்கவே சட்டமன்றம் இந்த வரியை வைத்திருக்கிறது, அந்த நோக்கத்துக்கும் இந்தப் பாகுபாட்டுக்கும் நியாயமான தொடர்பு உண்டு என்பது அதன் வாதம். இன்றைய மருத்துவ ஆய்வுகளைக் கருத்தில்கொண்டு இப்பிரிவுகள் இனியும் தேவையா என்று சட்டமன்றம் தீவிரமாக யோசிக்கலாம் என்றும் இறுதியில் சொல்லி வைத்தது.

எதிர்ப்பாளர்களின் பதில் மருத்துவம் சார்ந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே சட்டம் காலாவதியாகிவிட்டது என்பார்கள். இந்தப் பதிலில் ஒரு சிக்கல் உண்டு. காலாவதியாயிற்று என்றால், முன்பு ஒரு காலத்தில் அது பொருத்தமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிறது. சுகாதாரம் கருதி எழுதிய வரி, மருத்துவம் முன்னேறியதால் பழசாகிவிட்டது என்ற கதையில் நீதிமன்றமும் அதன் எதிர்ப்பாளர்களும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இந்த வரி எந்தக் காலத்திலும் சுகாதார வரியாக இருந்ததில்லை என்பது என் கருத்து.

நீதிமன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரிசா சட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் தொழுநோயும் காசநோயும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் தொற்றுநோய்கள். தொற்று அச்சம்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஒற்றைச் சுவடியை வைத்துக்கொண்டு மூலபாடத்தைத் தீர்மானிக்கும் பதிப்பாசிரியரை நாம் நம்புவதில்லை. இங்கே பாடபேதம் இருக்கிறது. அது நம்மூர்ப் பிரதியிலேயே கிடைக்கிறது.

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு, கவுன்சிலராகத் தகுதியற்றவர்களைச் சொன்னது. அதில் ஓர் உட்பிரிவில் மூன்று பேர் சேர்ந்து நின்றார்கள்: சித்தசுவாதீனம் இல்லாதவர், காது கேளாத வாய் பேசாதவர், தொழுநோய் உள்ளவர். காசநோய் இல்லை. இதே மூவர் 1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்திலும் வந்தார்கள். சென்னை மாகாணத்தின் வாரிசு மாநிலங்களுக்கும் இந்தச் சொத்து போய்ச் சேர்ந்தது. ஆந்திரத்தின் 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் காது கேளாத வாய் பேசாதவரும் தொழுநோயாளியும் இருந்தார்கள். கேரளத்தின் 1994 சட்டங்களில் காது கேளாத வாய் பேசாதவர் இடம்பெற்றார். 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகு புதிதாக எழுதப்பட்ட சட்டங்கள் இவை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இடம் ஒதுக்கிய அதே ஏடுகளில், பழைய வரியும் அலுங்காமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

செவித்திறன் குறைபாடு தொற்றாது. மன்றக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்த எவருக்கும் அது ஒட்டிக்கொண்டதில்லை. தொற்று அச்சமே இந்த வரியின் நோக்கம் என்றால் நடுவில் நிற்பவர் எப்படி வந்தார்?

மூவரையும் மூன்று வெவ்வேறு காரணங்களுக்காகச் சேர்த்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அப்பிரிவின் அமைப்பைப் பாருங்கள். திவால் மனு கொடுத்தவருக்குத் தனி உட்பிரிவு, நகராட்சி ஒப்பந்தத்தில் பங்குள்ளவருக்குத் தனி உட்பிரிவு. காரணம் மாறும்போது வரைவாளர் உட்பிரிவையும் மாற்றுகிறார். இந்த மூவரை மட்டும் ஒரே மூச்சில் சொல்கிறார். அவர் கண்ணில் இவர்கள் ஒரே வகை.

மேலும், தொற்றுக்கு அஞ்சும்போது காலனி அரசு எப்படி எழுதும் என்பதற்கு நம்மிடம் மாதிரி இருக்கிறது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நோயாளிகள் உணவு விற்பதையும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுப்பதையும், வாடகை வண்டியில் ஏறுவதையும் தடுக்க அதிகாரம் தந்தது. போக்கிடம் இல்லாத ஏழை நோயாளிகளைப் பிடித்து அடைக்கவும் வழி செய்தது. கொடுமையான சட்டம், ஆனால் அதன் தர்க்கம் தெளிவானது: தண்ணீர், உணவு, துணி, வண்டி. நகராட்சிச் சட்டத்தின் வரியில் இந்தத் தர்க்கத்தின் சாயலே இல்லை. அது நாற்காலியைப் பற்றிக் கவலைப்படவில்லை, நாற்காலியில் அமர்பவரின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது.

அப்படியானால் இந்த மூவர் எங்கிருந்து வந்தார்கள்? இனி வருவது ஊகம். ஆதாரம் மெலிந்தது என்பதால்தான் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அன்றைக்குப் புழங்கிய வழக்கறிஞர் யாருக்கும் மனப்பாடமான இன்னொரு பட்டியல் உண்டு. இந்துச் சட்டத்தில் சொத்துரிமை இழப்போரின் பட்டியல் அது. மனுவின் ஒன்பதாம் அத்தியாயம் பிறவிக் குருடர், செவிடர், பித்தர், மூடர், ஊமையர் ஆகியோருக்குப் பங்கில்லை என்கிறது. மிதாட்சரம் தீராத நோயாளரையும் சேர்க்கிறது. கடுமையான தொழுநோயை ஆங்கிலேய நீதிமன்றங்கள் அந்தக் கணக்கில் வைத்தன. சித்தம், செவியும் வாயும், தொழுநோய் என்ற மூன்றும் ஒருசேரக் கிடைப்பது சுகாதார நூல்களில் அல்ல, பாகப்பிரிவினை நூல்களில்.

இந்த ஊகத்துக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. சொத்துப் பட்டியலில் உள்ள பார்வையற்றவரும் கால் ஊனமுற்றவரும் நகராட்சி வரியில் இல்லை. நேரடியாக எடுத்து எழுதியிருந்தால் அவர்களும் வந்திருப்பார்கள். எனவே பட்டியலை வடிகட்டியது இன்னொரு அளவுகோல் என்று கொள்கிறேன். மன்றம் பேச்சால் நடக்கும் இடம், பார்வையற்றவர் பேசுவார், ஊமையர் பேசமாட்டார் என்ற எண்ணம் அது. பிறவியிலேயே செவிடும் ஊமையும் குருடுமாக இருப்பவரை அறிவற்றவரோடு ஒப்பவைத்த பிளாக்ஸ்டோனின் ஆங்கிலச் சட்ட மரபும் பின்னணியில் இருந்திருக்கலாம். எது தாய், எது செவிலி என்று பிரிப்பது கடினம்.

காலக்கணக்கிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1920 சட்டத்தின் இன்று கிடைக்கும் அச்சுவடிவம் பல திருத்தங்களைக் கடந்தது. அதை மட்டும் வைத்து, இந்த வரி முதல் நாளே இப்படி இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதேபோல ஒரிசாவின் 1950 சட்டத்துக்கும் இரண்டு முன்னோர் உண்டு. வட பகுதிகளில் 1922ஆம் ஆண்டின் பீகார்-ஒரிசா சட்டம் நடந்தது. 1936 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் பகுதியில் சென்னைச் சட்டம் நடந்தது. புதிய சட்டம் இரண்டின் இடத்தையும் பிடித்தபோது ஊமையர் வெளியே போனார், காசநோயாளி உள்ளே வந்தார். தொற்று என்ற பொருள் அந்த இடமாற்றத்தில் பிறந்தது என்று வாசிக்கவே எனக்குத் தோன்றுகிறது. பழைய வரிக்குப் புதுக் காரணம் கற்பித்த உரை அது. 2008இல் நீதிமன்றம் உரையை மூலமாகக் கொண்டுவிட்டது.

பேச இயலாதவர் மன்றத்தில் எதற்கு என்ற எண்ணம்கூட அந்தக் காலத்துக்கே பழையது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ திறந்த நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம் என்றது. அதை வாய்மொழிச் சாட்சியமாகவே கருத வேண்டும் என்றும் சொன்னது. கொலை வழக்கில் ஒருவரைத் தூக்குக்கு அனுப்பப் போதுமான சைகை, தெருவிளக்குத் தீர்மானத்துக்குப் போதாமல் போனது.

உள்ளாட்சி என்றதும் உத்திரமேரூரைத் தொடாமல் தமிழில் கட்டுரை எழுத முடியாது, நானும் தொட்டுவிடுகிறேன். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் குடவோலைக்குத் தகாதவர்களை நீளமாக அடுக்குகின்றன. கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பெரும்பாதகர், பிறர் பொருள் கவர்ந்தவர் எல்லாரும் உண்டு. உடற்குறையுள்ளவர் என்று ஒரு சொல் இல்லை. இதை வைத்து நம் முன்னோர் அனைவரையும் அணைத்துக்கொண்டார்கள் என்று மேடையில் முழங்கிவிடலாம். ஆனால் அது பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் தகுதிகள். காதால் கேட்டு வாயால் ஓதும் கல்வியைத் தகுதியாக வைத்த பிறகு செவிடரைத் தனியாக விலக்க வேண்டிய தேவை இருந்திருக்காது. கல்வெட்டின் மௌனம் இரு பக்கமும் சாயும்.

சொத்துரிமைத் தடையை 1928ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் தடைநீக்கச் சட்டம் பெருமளவு உடைத்தது. பிறவிப் பித்தரையும் மூடரையும் தவிர வேறு எவரையும் நோயின் பேரிலோ உடற்குறையின் பேரிலோ விலக்கக் கூடாது என்றது. 1956இல் எஞ்சியதும் போயிற்று. வீட்டில் பங்கு கிடைத்த பிறகும் ஊர் மன்றத்தில் பங்கு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் செவி, பேச்சுக் குறைபாடுள்ளோரையும் ஒரே அட்டவணையில் உரிமை உள்ளவர்களாக வைத்தது. அண்மை ஆண்டுகளில் மாநிலங்கள் பழைய வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி வருகின்றன.

இடைப்பட்ட காலத்தில் உள்ளாட்சிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் இருந்த உறவு கொடுப்பவர், பெறுபவர் உறவுதான். சென்னை மாநகராட்சி மெரினாவில் சுமார் 1.14 கோடி ரூபாய் செலவில் 263 மீட்டர் நீள மரப்பாதை அமைத்து 2022 நவம்பர் 27 அன்று திறந்தது. சக்கர நாற்காலியில் அலை வரை போகலாம். முதன்முறையாகக் கடலருகே சென்ற பலர் அன்று அங்கே இருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். பாதையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது, அடுத்த பாதை எந்த வார்டில் என்பதெல்லாம் மன்றத்தில் கையுயர்த்தி முடிவாகும் விஷயங்கள்.

2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் கொண்டுவந்த இரண்டு மசோதாக்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் அப்போது 35 பேர் மட்டுமே. மசோதாக்களின்படி நகர்ப்புற உள்ளாட்சிகளில் 650 பேரும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேரும் நியமனம் பெறுவார்கள் என்று அவர் சொன்னார். எண்ணிக்கை பெரியது, வரவேற்க வேண்டியது. ஆனால் நியமனம் என்பதற்கு அரசமைப்பில் ஒரு வரையறை இருக்கிறது. 243-ஆர் கூறின்படி நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ளவர்களை நியமிக்கலாம், ஆனால் அவர்களுக்கு மன்றக் கூட்டத்தில் வாக்கு இல்லை. பேசலாம், வாக்களிக்க முடியாது. பேச இயலாதவர் என்று விலக்கிவைத்த சட்டமரபு இப்போது பேச்சைத் தந்து வாக்கை நிறுத்திவைத்திருக்கிறது.

ஊராட்சிகளின் நிலை இன்னும் சிக்கலானது. 243-சி கூறு ஊராட்சியின் எல்லா இடங்களும் நேரடித் தேர்தலால் நிரம்ப வேண்டும் என்கிறது. நகராட்சிக்கு உள்ளதுபோல நியமனத்துக்கான வாசல் அங்கே வெளிப்படையாக எழுதப்படவில்லை. நியமிக்கப்பட்டவர் ‘இடம்’ வகிப்பவரா, இடத்துக்கு வெளியே அமர்ந்து கருத்துச் சொல்பவரா என்ற கேள்வி எழுந்தால் இரண்டுக்கும் வாதம் உண்டு. இடஒதுக்கீடு பெற்று வார்டில் போட்டியிட்டு வெல்பவருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதற்கோ அரசமைப்பின் 243-டி (D), 243-டி (T) கூறுகள் பேசும் ஒதுக்கீட்டுப் பிரிவினரில் மாற்றுத்திறனாளியும் சேர வேண்டும், அல்லது மாநிலமே தன் சட்டத்தில் அதற்கு வழி காண வேண்டும்.