ஒரு கிளிக், 2.8 மில்லிமீட்டர்: சைக்கிள் கியரின் கதை

இந்த எபிசோடு என் சைக்கிள்ல வந்த ஒரு பக் பற்றியது. அதைப் பிடிக்க நான் 1984 வரைக்கும் பின்னாடி போக வேண்டியிருந்தது.

குற்றாலம் சீசன் நேரம். சாரல் அடிச்சிட்டு இருக்கு. காலையில லாகின் பண்றதுக்கு முன்னாடி தென்காசியிலிருந்து ஐந்தருவி வரைக்கும் ஒரு ரைடு போறது என் வழக்கம். எட்டு கியர் மவுண்டன் பைக். அன்னைக்கு ஒரு ஏற்றத்துல ஹேண்டிலைத் திருப்பினதும் கியர் தானா மாறிடுச்சு. பெடல் சும்மா சுத்தி, முழங்கால் போய் ஹேண்டில்ல இடிச்சு, நடுரோட்டுல சாஞ்சேன். பின்னாடி வந்த டூரிஸ்ட் வேன் டிரைவர் சட்டுனு பிரேக் போட்டதால தப்பிச்சேன்.

வீட்டுக்கு வந்து டீரெய்லர்ல இருக்கிற ரெண்டு லிமிட் ஸ்க்ரூவையும் திருகினேன். கேபிள் அட்ஜஸ்டரைக் கால் சுற்று, அரைச் சுற்றுனு திருகினேன். மூணாவது கியர் சரியானா ஆறாவது கெட்டுப்போகும். ஆறைச் சரி பண்ணினா மூணு போயிடும். ஏன் இப்படினு புரியணும்னா கொஞ்சம் வரலாறு வேணும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சில் போல் த விவி என்பவர் ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில் எழுதி, சைக்கிளுக்குப் பல கியர்கள் வேண்டும் என்று வாதாடினார். டூர் த பிரான்ஸை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு அது பிடிக்கவே இல்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் போட்டியாளர்களுக்கு டீரெய்லர் அனுமதிக்கப்பட்டது. அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினார்கள்.

அப்புறம் வந்த கியர் லீவர்களில் கிளிக் கிடையாது. எங்க விட்டாலும் அங்கேயே நிற்கும். செயின் கரகரனு உரசினா, காது கேட்டு விரலால கொஞ்சம் நகர்த்திக்கணும். கேபிள் லேசா தளர்ந்தாலும் ஓட்டுறவர் கை அதைச் சமாளிச்சிடும்.

1964-ல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் டீரெய்லரின் இணைகர அமைப்பைச் சாய்வாக வைத்தது. பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் ஒன்றைவிட ஒன்று பெரிதாகிக்கொண்டே போகும் இல்லையா? சாய்வாக நகர்வதால், எந்தப் பல்சக்கரத்திலும் டீரெய்லரின் மேல் உருளை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இருந்தது. கியர் துல்லியமாக விழ இது அவசியம். ஆனால் அதற்குக் காப்புரிமை இருந்தது.

ஷிமானோ 1970-களில் பாசிட்ரான் என்ற பெயரில் ‘டக் டக்’ என்று விழும் கியரை முயன்று பார்த்தது. கிளிக் செய்யும் பகுதி டீரெய்லருக்குள்ளேயே இருந்தது. அது பெரிதாக எடுபடவில்லை. 1984-ல் சன்டூரின் காப்புரிமை முடிந்தது. அதே காலத்தில் ஷிமானோ எஸ்ஐஎஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. கிளிக் இப்போது லீவருக்கு வந்தது. லீவர், கேபிள், அவுட்டர், பல்சக்கரம், செயின் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் இது வேலை செய்யும். முன்னாடி விரல் பார்த்துக்கிட்ட வேலை முழுக்க அளவுகள் மேல விழுந்தது. சன்டூரால அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியலை.

எட்டு கியர் ஷிமானோவில் ஒரு கிளிக்குக்குக் கேபிள் சுமார் 2.8 மில்லிமீட்டர் நகரும். டீரெய்லர் அதை 1.7 மடங்காக்கும். கிட்டத்தட்ட 4.8 மில்லிமீட்டர், அதாவது ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு உள்ள தூரம். கேபிள்ல அரை மில்லிமீட்டர் தொலைஞ்சா, டீரெய்லர் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல தப்பான இடத்துல நிக்கும்.

என் அரை மில்லிமீட்டர் எங்க போச்சு? தென்காசியில ஒரு பழைய சைக்கிள் கடை அண்ணாச்சி பார்த்த உடனே சொல்லிட்டார்: “தம்பி, இது பிரேக் அவுட்டர்லா!”

தப்பு என்னோடதுதான். மழையில அவுட்டர் துருப்பிடிச்சதால, கையில கிடைச்ச துண்டை வெட்டி நானே மாட்டியிருந்தேன். வெளியே பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். பிரேக் அவுட்டருக்குள்ள கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். இழுத்தா அமுங்கும், வளைச்சா அதன் நீளம் மாறும். அதனாலதான் ஹேண்டிலைத் திருப்பினதும் கியர் மாறிச்சு. கிளிக் கியருக்கான அவுட்டர்ல கம்பிகள் நீளவாக்குல ஓடும், அமுங்காது. ஆனா அதைப் பிரேக்குக்கு மட்டும் போட்டுடாதீங்க. அழுத்தம் தாங்காமப் பிளந்துடலாம்.

நான் தலைகீழாப் பார்த்தேன். உங்களுக்கு வந்தா இந்த வரிசையில பாருங்க: முதல்ல கேபிளும் அவுட்டரும். ரெண்டாவது, டீரெய்லர் தொங்குற ஹேங்கர் வளைஞ்சிருக்கானு. மூணாவது, லிமிட் ஸ்க்ரூ. அது ரெண்டு ஓரத்துக்கும் எல்லை போடுறதுக்கு மட்டும்தான், நடுக் கியரை அது தொடாது. கடைசியா அட்ஜஸ்டர், ஒரு நேரத்துல கால் சுற்று.

புது அவுட்டர் மாட்டி, மறுநாளே அதே ஏற்றத்துல ஏறினேன். திருப்பத்துல கை கொஞ்சம் நடுங்கிச்சு. கியர் அசையலை.