பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்: மலேசியத் தமிழ்த் தொழிலாளரின் கூட்டுறவு நில உடைமை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் பொருளாதார வரலாறு பெரும்பாலும் இழப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காடழித்துத் தோட்டம் கண்டவர்கள் அந்நிலத்தில் ஓர் அடியைக்கூடத் தமதாக்கிக் கொள்ளவில்லை என்பது அவ்வரலாற்றின் மையச் செய்தி. அச்செய்தி உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. 1960ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. அச்சங்கம் தோன்றிய சூழலையும், அதற்கு முன்பே தோட்டங்களில் நிலவிய பொதுமைப் பழக்கங்களையும், அதன் வெற்றியையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உற்பத்திப் பெருக்கத்தையும் இலாபத்தையும் மட்டுமே அளவுகோலாகக் கொண்ட சந்தைப் பொருளாதாரம் ஒரு சமூகத்தின் வாழிடத்தை விற்பனைப் பண்டமாக்கும்போது, அச்சமூகம் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ள முயன்றது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

சந்தையின் ஏற்ற இறக்கமும் தோட்டச் சமூகமும்

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட பின், கங்காணி முறையிலும் இந்தியக் குடியேற்ற நிதியின் உதவியுடனும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்கள் உற்பத்தி செய்த பண்டம் உள்ளூரில் உண்ணப்படுவதோ உடுக்கப்படுவதோ அன்று. அதன் விலை தொலைவிலுள்ள தொழிற்சாலைகளின் தேவையால் தீர்மானிக்கப்பட்டது. எனவே தொழிலாளரின் உணவும் உறைவிடமும் அவர்களால் காணவும் இயலாத ஒரு சந்தையைச் சார்ந்து நின்றன.

இச்சார்பின் விளைவு உலகப் பொருளாதார மந்தத்தின்போது வெளிப்பட்டது. ரப்பர் விலை சரிந்ததும் கூலி குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரையிலான காலத்தில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை உயர்ந்தபோது மீண்டும் ஆள் திரட்டப்பட்டது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தபோதுதான் இப்போக்குவரவு நின்றது. மனிதர்கள் சரக்கைப் போலத் தேவைக்கேற்ப வரவழைக்கவும் அனுப்பவும் பட்டனர் என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

ஜப்பானியர் ஆட்சிக் காலம் இதன் மறுமுனை. ரப்பருக்கு வாங்குவோர் இல்லாது போயினர். தோட்டங்கள் புதர் மண்டின. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். தோட்டங்களில் எஞ்சியோர் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் பயிரிட்டு உயிர் தாங்கினர். பால்மரம் சோறு தராத காலத்தில் லயத்தை அடுத்திருந்த சிறு நிலமே சோறு தந்தது. நிலம் என்பது விளைபொருளின் விலை மட்டும் அன்று, உயிர்ப்பிடிப்பு என்ற அறிவு இத்தலைமுறைக்குப் பட்டறிவாக வாய்த்தது.

லயங்களில் வளர்ந்த பொதுமை

தோட்டம் முதலாளியின் உடைமை. ஆனால் தோட்டச் சமூகம் தொழிலாளரின் ஆக்கம். ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயிலோ முருகன் கோயிலோ எழுந்தது. திருவிழாவிற்குக் குடும்பவாரியாக வரி தண்டப்பட்டது. மணவீட்டிலும் பிணவீட்டிலும் மொய் எழுதப்பட்டது. மாதந்தோறும் பணம் கட்டிச் சுழற்சி முறையில் ஒருவர் எடுத்துக்கொள்ளும் ‘கூட்டு’, வங்கி வாசலை மிதித்தறியாத பெண்களின் சேமிப்பு முறையாக விளங்கியது. இவை யாவற்றிற்கும் பொதுவான கூறுகள் மூன்று: தொகை சிறிது; கட்டுவது தவறாதது; கணக்கு எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படுவது.

இப்பழக்கங்களை மிகையாகப் போற்றுதல் பொருந்தாது. கோயில் நிர்வாகம் பல தோட்டங்களில் கங்காணியின் கைக்குள் இருந்தது. சாதி வேறுபாடு லய வரிசைகளிலும் தலைகாட்டியது. கள்ளுக்கடை கூலியில் ஒரு பகுதியை விழுங்கியது. இக்குறைகளை எதிர்த்த குரல்களும் சமூகத்தின் உள்ளிருந்தே எழுந்தன. பெரியார் ஈ.வெ.ரா. 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு மேற்கொண்ட பயணத்தையொட்டிச் சீர்திருத்த இயக்கம் வலுப்பெற்றது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வை மட்டும் கோரவில்லை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கோரியது. நல்வாழ்வு என்பதற்குத் தொழிலாளர் கொண்டிருந்த பொருள் கூலிப் பட்டியலைவிட விரிந்தது என்பதற்கு அக்கோரிக்கைகளே சான்று.

சிறு தொகைகளால் பொது நிறுவனம் ஒன்றைத் தாங்கும் வழக்கம் தோட்டத்திற்கு வெளியேயும் பரவியது. 1922ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ்ச் சிக்கன, கடன் சங்கங்கள் தோன்றின. 1950களில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு இதழ் வழி முன்னெடுத்த ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு எளிய மக்கள் வழங்கிய நன்கொடைகள் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்குத் துணையாயின. பின்னர் அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதலாவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது. ஆய்வரங்குகளின் வரலாற்றிலும் உழைப்பாளரின் காசுக்கு இடமுண்டு.

தோட்டத் துண்டாடல்

1950களில் நிலைமை மாறியது. நாட்டு விடுதலை நெருங்கியதும், எதிர்காலம் குறித்த ஐயத்தாலும் நிலத்திற்குக் கிடைத்த நல்ல விலையாலும், ஐரோப்பியத் தோட்ட உரிமையாளர் பலர் தங்கள் நிலங்களை விற்கத் தலைப்பட்டனர். அவற்றை மொத்தமாக வாங்கிய இடைத்தரகர்கள் சிறு துண்டுகளாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலிருந்த வேறுபாடே இவ்வணிகத்தின் ஊற்று. இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் தலைமையிலான குழு விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தது.

துண்டாடலின் கேடு வேலையிழப்போடு முடிவதன்று. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலமே தோட்டம் எனக் கணக்கிடப்பட்டது. தோட்ட முதலாளி குடியிருப்பும் மருத்துவ வசதியும் அளிக்கக் கடமைப்பட்டிருந்தார். பள்ளி நடத்தும் பொறுப்பை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அவர் மீது சுமத்தியிருந்தது. சில ஏக்கர் மட்டும் வைத்திருந்த புதிய உரிமையாளரிடம் இக்கடமைகளை எதிர்பார்க்க வழியில்லை. நிலம் துண்டானபோது லயமும் பள்ளியும் ஆயாக்கொட்டகையும் கோயிலும் யாருக்கும் உரியவை அல்லாதவையாயின. வேலை குத்தகைக்காரர் கைக்கு மாறியது. விற்பனைப் பத்திரத்தில் குறிக்கப்பட்டது நிலமும் மரமும். குறிக்கப்படாமல் சிதைந்தது ஓர் ஊர்.

1956ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கூட்டரசு நில மேம்பாட்டு வாரியம் நிலமற்ற கிராமப்புற மக்களைக் குடியேற்றியது. தோட்டத் தொழிலாளர் அதன் முதன்மைப் பயனாளராக அமையவில்லை. விடுதலைக்குப் பின்னும் குடியுரிமை பெறாதிருந்தோர் அவர்களுள் பலர். அரசின் நிலத்திட்டமும் சந்தையின் விலையும் கைகொடாத நிலையில் மூன்றாவது வழியொன்று தேவைப்பட்டது.

பத்து வெள்ளி

அவ்வழியைக் காட்டியவர் துன் வீ.தி. சம்பந்தன். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு பிறந்த அவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர். நாட்டின் முதல் அமைச்சரவையில் இடம் பெற்றவர். ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தினர் ஆதலால் நிலத்தின் விலையையும் தொழிலாளரின் நிலையையும் ஒருங்கே அறிந்தவர்.

அவர் முன்வைத்த திட்டம் எளிமையானது. சங்கத்தின் ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளி வீதம் பத்து மாதங்களில் செலுத்தலாம். பத்து வெள்ளி என்பது அக்காலத் தொழிலாளிக்குச் சில நாள் கூலி. எளிதில் விடத்தக்க தொகை அன்று. ஆனால் பத்தாயிரம் பேர் சேர்ந்தால் பத்து மாதங்களில் பத்து இலட்சம் வெள்ளி திரளும். தனியொரு தொழிலாளி ஓர் ஏக்கருக்கும் கனவு காண முடியாத இடத்தில், தொழிலாளர் கூட்டம் ஒரு தோட்டத்தையே விலை பேச இயலும் என்பதே இக்கணக்கின் ஆற்றல். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று இக்கணக்கை எடுத்துரைத்தார்.

ஐயங்கள் எழுந்தது இயல்பே. பணம் தண்டிச் சென்றோர் திரும்பி வாராத கதைகள் தோட்டங்களில் ஏராளம். எனினும் சங்கம் 1961ஆம் ஆண்டு கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலாவதாக வாங்கியது. அதன் பின்னர் நம்பிக்கை பெருகியது. உறுப்பினர் பல்லாயிரவர் ஆயினர். 1979ஆம் ஆண்டு சம்பந்தன் மறைந்தபோது சங்கத்தின் கைவசம் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருந்தன.

புதிய சட்டமோ புதிய கோட்பாடோ மட்டும் இவ்வெற்றியை விளக்கப் போதாது. மாதந்தோறும் சிறு தொகை கட்டுதல், அதற்குக் கணக்குக் கேட்டல், பயன் உடனே கிட்டாதபோதும் பொறுத்திருத்தல் ஆகியவை கோயில் வரியிலும் கூட்டிலும் தொழிலாளர் ஏற்கெனவே பயின்றவை. சங்கம் அப்பழக்கத்திற்குச் சட்ட வடிவமும் நாடளாவிய பரப்பும் தந்தது. நலிந்தோரின் சேமிப்பைத் திரட்டுவதற்கு முன்பு அவர்களின் நம்பிக்கை திரண்டிருந்தது என்பதே இதன் பாடம்.

நிலம் தந்ததும் தராததும்

சங்கம் வாங்கிய தோட்டங்கள் துண்டாடப்படாமல் முழுமையாக நின்றன. அவற்றை நம்பியிருந்த வேலையும் குடியிருப்பும் தரகரின் கைக்குப் போகவில்லை. உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கும் சங்கம் உதவியது. தோட்ட நிலத்தைத் துண்டாகக் கைமாற்றுவதற்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்னும் 214ஏ பிரிவு பின்னர்த் தேசிய நிலச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. தொழிலாளர் தம் காசால் தேடிய காப்பு, பின்னர்ச் சட்டத்திலும் ஓரளவு இடம்பெற்றது எனலாம்.

ஆயினும் எல்லைகள் மூன்று கருதத்தக்கவை. முதலாவது, சங்கம் வாங்கியது சந்தைக்காகவே அமைந்த ஒற்றைப்பயிர்த் தோட்டம். உரிமை மாறியது, பயிரின் சார்பு மாறவில்லை. ரப்பர் விலை வீழ்ந்தபோது செம்பனைக்கு மாறும் நெருக்கடி மற்றத் தோட்டங்களைப் போலவே இங்கும் எழுந்தது. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் கைகள் பால்வெட்டுக்குத் தேவைப்பட்டவற்றைவிடக் குறைவு. இரண்டாவது, தொழிலாளி பங்குதாரர் ஆனாலும் நாட்கூலி பெறும் நிலையிலேயே தொடர்ந்தார். மூன்றாவதே மிக நுட்பமானது: பங்கு மனிதரைப் பின்தொடரும்; குடியிருப்பு நிலத்தைப் பின்தொடரும். பங்கு வைத்திருந்தவர் நகரம் சென்றார். அவர் மக்கள் அப்பங்கை மரபுரிமையாகப் பெற்றனர். தோட்டத்தில் வாழ்வோரும் தோட்டத்திற்கு உரியோரும் தலைமுறை மாற்றத்தில் வேறு வேறானோர் ஆயினர். உரியோர் ஈவுத்தொகையை நாடுவர். வாழ்வோர் வீட்டையும் பள்ளியையும் நாடுவர். இரண்டும் முரண்படும் வேளையில் எது முந்தும் என்பதைப் பங்கு முறை தானாகத் தீர்த்துவிடாது.

இவ்வெல்லைகளை நாட்டின் பொது நிலையோடு ஒப்பிடுதல் நேர்மையாகும். 1980களிலும் 1990களிலும் நகரங்களை அடுத்திருந்த தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இடமாயின. அங்கே பல தலைமுறை வாழ்ந்தோர் பலர் சிறு இழப்பீட்டுடன் வெளியேறினர். 1957இல் 880க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேலாகக் குறைந்துள்ளன. நாட்டு உற்பத்தி பெருகிய அதே காலத்தில் தோட்டச் சமூகம் கலைந்தது. வளர்ச்சியின் கணக்கேட்டில் இக்கலைவிற்கென்று ஒரு பத்தி இல்லை.

முடிவுரை

தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு, தொழிலாளர் செல்வராயினர் என்னும் கதை அன்று. வாழிடம் எவருடைய விருப்பத்திற்கும் விற்கப்படும் நிலையை ஒரு சமூகம் தன் கூட்டுச் சேமிப்பால் ஒரு காலம் வரை தடுத்து நிறுத்தியது என்பதே அதன் சிறப்பு. அதற்கு மூலதனமாக அமைந்தது மொய்ப் பழக்கமும் கோயில் வரியும் கூட்டும் வளர்த்த நம்பிக்கை. அதன் குறையும் அதே வரலாற்றில் தெளிவாகிறது: நிலத்தைப் பொதுவில் வாங்குதல் முதற்படி, அந்நிலத்தில் வாழ்வோருக்கு அதன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமையை நிலைநிறுத்தல் இரண்டாம் படி. மலேசியத் தமிழ்த் தொழிலாளர் முதற்படியைத் தம் பத்து வெள்ளியால் கடந்தனர். இரண்டாம் படி இன்னும் கடக்கப்படவில்லை. தென்னாப்பிரிக்கா, மொரிசியசு, இலங்கை மலையகம் எனத் தோட்டப் பொருளாதாரத்தில் வேரூன்றிய தமிழ்ச் சமூகங்களின் ஒப்பாய்வில், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற வினாவோடு, எந்த இடத்தை விற்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற வினாவும் இணைத்துக் கேட்கப்படுதல் வேண்டும்.